மைக்கில் நான் சொன்ன பெயர்

கூட்டத்தில் நீங்கள் பேசும்போது பலத்த கைதட்டல் எழுந்தால், வந்து உட்கார்ந்த பிறகு ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்கள். யாரைக் கொடுத்து இந்தக் கைதட்டலை வாங்கினோம் என்று. நான் ஒரு முறை யோசிக்காமல் விட்டேன். அதைத்தான் உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள், மனு எழுதுவது எப்படி, மகளிர் குழுவைக் கூட்டுவது எப்படி என்றெல்லாம் கேட்டு எழுதியிருக்கிறீர்கள். அதெல்லாம் ஆறு மாதத்தில் உங்களுக்கே கைவந்துவிடும். எனக்குக் கைவரப் பல வருஷம் ஆனது வேறொன்று.

திருச்சுழி, நரிக்குடி பக்கத்து ஊர்களில் நான் ஊர்நல அலுவலராக இருந்தேன். ஏழைக் குடும்பத்துப் பெண்களுக்கு என்று வரும் அரசாங்கத் திட்டங்களை வீட்டு வாசல் வரை கொண்டுபோவது என் வேலை. கறவை மாடு, ஆடு, தையல் மிஷின் என்று போய்க்கொண்டிருந்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் புதிதாக ஒன்று வந்தது. ஊர்ப் பொதுவில் இருக்கும் அடிபம்பைப் பழுது பார்க்கப் பெண்களுக்குப் பயிற்சி. எங்கள் பக்கம் கண்மாய் வற்றிவிட்டால் அடிபம்பை விட்டால் வேறு தண்ணீர் கிடையாது. அது கெட்டுப்போனால் டவுனிலிருந்து மெக்கானிக் வரும்வரை ஊர்ப் பெண்கள் குடத்தோடு அடுத்த ஊருக்கு நடப்பார்கள். குடம் தூக்குகிறவளே ஸ்பேனரையும் தூக்கட்டுமே என்று யாரோ நல்ல புத்தியுள்ளவர் நினைத்திருக்கிறார்.

அருப்புக்கோட்டையில் ஒன்றரை மாதப் பயிற்சி. அங்கேயே தங்கிப் படிக்க வேண்டும். எட்டாவது படித்திருக்க வேண்டும் என்று விதி. நரிக்குடி போகும் ரோட்டில் ஓர் ஊர், பெயர் வேண்டாம். அங்கே இரண்டு பெண்கள் கிடைத்தார்கள். ஒருத்தி சவரியம்மாள், இன்னொருத்தி குருவம்மாள். ஆட்களின் பெயரையும் நான் மாற்றித்தான் சொல்கிறேன். சவரியம்மாளுக்கு வீட்டில் மாமியார் இருந்தாள். குருவம்மாளுக்கு அப்படி யாரும் இல்லை. புருஷன் திருமேனி, ஒன்றாவது படிக்கும் மகள் முனீஸ்வரி, அவ்வளவுதான் குடும்பம். திருமேனி மழை பெய்தால் கம்பு, சோளம் விதைப்பார். பெய்யாத வருஷத்தில் கூலி வேலை. "போயிட்டு வரட்டும்மா, நான் பாத்துக்கிறேன்" என்று என்னிடம் சொன்னார். பாத்துக்கிறேன் என்றால் தங்கை வீட்டில் சாப்பாட்டுக்குச் சொல்லியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். அவருடைய தங்கையை அதே ஊரில்தான் கட்டிக்கொடுத்திருந்தார்கள்.

மூன்று வாரம் கழித்து அந்த ஊருக்குப் போனேன். பயிற்சிக்குப் போனவர்களின் குடும்பம் எப்படி இருக்கிறது என்று பார்த்துவர வேண்டும். காலை எட்டு மணி இருக்கும். திருமேனி வீட்டுக் கதவு ஒருக்களித்திருந்தது. பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே உள்ளே எட்டிப் பார்த்தேன்.

அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. பிள்ளையை முன்னால் உட்கார்த்தி வைத்துச் சடை பின்னிக்கொண்டிருந்தார் மனிதர். வாயில் ரிப்பன். எண்ணெய் தேய்த்து, நடுவகிடு எடுத்து, ஒரு பக்கம் முடித்துவிட்டு மறு பக்கம் பாதியில் இருந்தார். பிள்ளை வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் அவர் கை நின்றுவிட்டது. ரிப்பனை வாயிலிருந்து எடுக்கக்கூடத் தோன்றவில்லை அவருக்கு.

"நீங்களா சமைக்கிறீங்க?" என்று கேட்டேன்.

"ஆமாம்மா" என்றார். பிறகு மெதுவாக, "தங்கச்சி வீட்ல இருந்து சோறு வருதுன்னு ஊருக்குள்ள சொல்லி வச்சிருக்கேன். வெளிய யார்ட்டயும் சொல்லிறாதீக."

"சரி" என்றேன்.

ஆமாம், சரி என்றேன். அந்த ஒரு வார்த்தையைப் பிற்பாடு எத்தனை முறை நினைத்திருக்கிறேன் என்று எனக்குத்தான் தெரியும். அவர் கேட்டது தன்னடக்கத்தால் என்று எடுத்துக்கொண்டேன். நல்லவர்கள் எல்லோரும் அப்படித்தானே சொல்வார்கள் என்று. அவர் பயப்படுகிறார் என்று எனக்கு உறைக்கவில்லை.

அடுத்த வாரம் அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்து மைதானத்தில் மகளிர் கூட்டம். மாவட்டத்திலிருந்து ஒரு பெரிய அதிகாரி வந்திருந்தார். ஒலிபெருக்கியை மரத்தில் கட்டியிருந்தார்கள்; டீக்கடை வரைக்கும், ஏன், கண்மாய்க்கரை வரைக்கும் கேட்கும். எனக்குப் பேச ஐந்து நிமிஷம் கொடுத்தார்கள். பேசப் பேசக் கூட்டம் சலசலத்துக்கொண்டிருந்தது. யாரும் கவனிக்கவில்லை. அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அந்தப் பதற்றத்தில் திருமேனி கதையை எடுத்துவிட்டேன். "இந்த ஊரிலேயே ஒரு புதுமை மனிதர் இருக்கிறார்" என்று ஆரம்பித்து, உலை வைத்ததை, சடை பின்னியதை, வாயில் ரிப்பன் வைத்திருந்ததை எல்லாம் சொன்னேன். பெயரைச் சொன்னேன். போதாததற்கு, "திருமேனி எங்கே இருக்கிறார்? எழுந்து நில்லுங்க" என்றேன்.

பின்வரிசையில் ஆண்களோடு ஆண்களாக நின்றுகொண்டிருந்தவரைப் பக்கத்தில் இருந்தவர்கள் முன்னால் தள்ளிவிட்டார்கள். பெரிய கைதட்டல். அதிகாரி சிரித்தபடி தட்டினார். பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். அவர் தரையையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் பூரித்துப்போய் உட்கார்ந்தேன். வீட்டுக்குப் போகும் பஸ்ஸிலும் அந்தச் சந்தோஷம் இருந்தது.

ஐந்தாவது நாள் குருவம்மாள் என் ஆபீசில் வந்து நின்றாள். கையில் துணிப்பை. பயிற்சி முடிய இன்னும் பத்து நாள் இருந்தது.

"என்ன குருவம்மா, லீவா?"

"அவுக ஊர்ல இல்லம்மா" என்றாள். "பிள்ளைய தங்கச்சி வீட்ல விட்டுட்டுக் கரிமூட்டத்துக்குப் போயிட்டாக."

நடந்ததை அவள் நின்றுகொண்டே சொன்னாள். கூட்டம் முடிந்த அன்றைக்கே டீக்கடையில் ஆரம்பித்திருக்கிறது. ஏலே, எங்களுக்கும் நாலு சடை பின்னி விடேன்டா என்று ஒருவன். ரவுக்கை தைக்க அளவு குடுத்துட்டியா என்று இன்னொருவன். பள்ளிக்கூடத்தில் முனீஸ்வரியைச் சுற்றி நின்று பிள்ளைகள் கும்மாளம் போட்டிருக்கிறார்கள். மூன்றாவது நாள் காலை, பிள்ளை சடையோடு பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று அழுததாம். அன்றே அவர் கிளம்பிவிட்டார்.

"நல்லதுன்னு நினைச்சுத்தான்..." என்று இழுத்தேன்.

"நல்லதுதாம்மா. யாரு இல்லேன்னா?" அவள் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "நான் சண்ட போட்டு அவுகள சோறாக்கச் சொல்லல. அவுகளா ஆக்குனாக. எனக்கு நல்லா வாச்சிருக்குன்னு நான் சவரிட்டகூட வாயத் தொறக்கல. அது எங்க ரெண்டு பேருக்குள்ள இருந்துச்சு. இன்னும் நாலு வருசம் போயிருந்தா தன்னால தெருவுக்கு வந்திருக்கும். நீங்க மைக்குல போட்டுட்டீக."

நானே போய் அவரைக் கூட்டிவருகிறேன் என்றேன்.

"இழுத்துட்டு வர வேண்டாம்மா. தப்புன்னு ஒரு வார்த்த சொல்லுங்க, அது போதும். வாரதும் வராததும் அவுக இஷ்டம்." பையைத் தூக்கிக்கொண்டாள். "நான் பயிற்சிக்குத்தான் திரும்பப் போறேன். பத்து நாளு விட்டுட்டா அவுக பட்டதும் வீணாப் போயிரும்."

எங்கள் மேலதிகாரியிடம் விஷயத்தைச் சொல்லி ஜீப் கேட்டேன். அவர் கண்டிப்பார் என்று எதிர்பார்த்தேன். கண்டிக்கவில்லை. "ஜீப்புல போகாதீங்க. ஆபீஸ் வந்திருக்குன்னு நினைப்பாரு. நீங்க மட்டும் பஸ்ஸுல போங்க" என்றார். முப்பது வருஷ வேலையில் எனக்குக் கிடைத்த ஆலோசனைகளில் அது மாதிரி இன்னொன்று இல்லை.

நரிக்குடியில் இறங்கி, டிராக்டர் ஒன்றில் ஏறி, பிறகு நடந்தேன். சீமைக்கருவேலக் காட்டுக்குள் நாலைந்து மூட்டங்கள் புகைந்துகொண்டிருந்தன. விறகைக் கூம்பாக அடுக்கி, மேலே வைக்கோலும் மண்ணும் போட்டு மூடி, உள்ளுக்குள்ளேயே கனிய விட்டுக் கரி எடுக்கும் வேலை. உச்சி வெயில். ஆட்கள் ஒரு மரத்தடியில் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். மூன்று கல் அடுப்பில் பெரிய சட்டி. அதன் முன்னால் குந்தியிருந்தவர் திருமேனி.

"திருமேனி அண்ணன் வந்த பிறகுதாம்மா இங்க வாய்க்கு ருசியா ஒரு கொழம்பு" என்று ஓர் ஆள் என்னிடம் சொன்னான். நான் யார் என்று அவனுக்குத் தெரியாது.

எல்லோரும் சாப்பிட்டு எழும்வரை காத்திருந்தேன். பிறகு அவர் பக்கத்தில் போய், "நீங்க சொல்லாதீங்கன்னு சொன்னீங்க. நான் சரின்னு சொன்னேன். சொன்ன பிறகும் மைக்கில் பேசினேன். அது தப்பு. என்னை மன்னிச்சுருங்க" என்றேன். வழியெல்லாம் நீளமாகத் தயார் செய்து வைத்திருந்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் இவ்வளவுதான் வந்தது.

அவர் சட்டியின் அடியைக் கரண்டியால் வழித்துக்கொண்டே இருந்தார். வழித்து முடித்துவிட்டுப் பேசினார்.

"இங்க எட்டுப் பேருக்கு ஆக்குறேம்மா. ஒருத்தனும் சிரிக்கல. அங்க என் பிள்ளைக்கு ஆக்குனேன்."

அவ்வளவுதான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பிறகு, "பாப்பாவுக்குச் சடை யாரு போடுறா?" என்று கேட்டார்.

"உங்க தங்கச்சிதான்."

"அது வெடுக்கு வெடுக்குன்னு இழுக்கும். பிள்ள அழுவும்."

அந்த இடத்தில் எனக்கு ஆசை வந்தது. அழுகிறதுதான், நீங்கள் வந்துவிடுங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் அவர் அப்போதே கிளம்பியிருப்பார் என்று தோன்றியது. நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன். இழுத்து வரவேண்டாம் என்று குருவம்மாள் சொல்லியிருந்தாள். இவர் வார்த்தையை ஏற்கெனவே மீறியாயிற்று; ஒரு குடும்பத்தில் இரண்டு பேருடைய வார்த்தையையும் என்னால் மீற முடியாது. அவர் ஒரு தட்டில் சோறு போட்டுக் குழம்பு ஊற்றி என் முன்னால் வைத்தார். சாப்பிட்டேன். வருகிறேன் என்றோ வரமாட்டேன் என்றோ அவர் சொல்லவில்லை.

குருவம்மாள் பயிற்சியை முடித்து ஊருக்கு வந்தாள். திருமேனி வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் காலை பஸ்ஸில் வந்து இறங்கி, தெருவைத் தொடாமல் கண்மாய்க்கரை வழியாகச் சுற்றி வீட்டுக்குப் போய், பிள்ளையைப் பார்த்துவிட்டுச் சாயந்தரம் திரும்பிவிடுவாராம். இதை அவளே சொன்னாள். நான் ஒன்றும் கேட்டுக்கொள்ளவில்லை.

சித்திரை மாதம். அந்த ஊர் அடிபம்பில் தண்ணீர் நின்றுபோனது. பெண்கள் இரண்டு பேரும் முதன்முதலாகத் தங்கள் சொந்த ஊரில் கைவைக்கப் போகிற வேலை. ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் நானும் போய் நின்றேன். பம்பு இருப்பது பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரில். பக்கத்திலேயே டீக்கடை. பெஞ்சில் இடமில்லாமல் ஆண்கள் நின்றுகொண்டு வேடிக்கை பார்த்தார்கள். தெரு நீளத்துக்குக் காலிக் குடங்கள்.

பூமிக்கடியில் தொங்கும் பைப்பை ஒவ்வொன்றாக மேலே தூக்கிக் கழற்ற வேண்டும். ஆரம்பத்தில் உதவிக்கு என்று இரண்டு ஆண்கள் வந்தார்கள். குருவம்மாள் "மெதுவா" என்று சொல்லச் சொல்ல, ஆளுக்கொரு பக்கமாக வெட்டி இழுத்தார்கள். பைப் ஓர் ஆட்டம் ஆடியது. "வேண்டாம்ணே, நாங்க பாத்துக்கிறோம்" என்று அவள் அவர்களை விலக்கினாள். முகம் சுண்டிப்போய் அவர்கள் டீக்கடைக்குப் போய் நின்றார்கள். அப்புறம் அவளும் சவரியம்மாளும் தெருப் பெண்கள் இரண்டு பேருமாகத் தூக்கினார்கள்.

பாதி பைப் வெளியே வந்த நேரத்தில், மீதியைத் தாங்கிப் பிடித்திருந்த கிளாம்பின் போல்ட் நழுவ ஆரம்பித்தது. நாலு பேரும் அப்படியே பாரத்தைக் கையில் வாங்கிக்கொண்டார்கள். விட்டால் அத்தனை பைப்பும் குழிக்குள் போய்விடும். எடுக்கவே முடியாது. இன்னொரு ஆழ்துளைக் கிணறு போடும்வரை ஊருக்குத் தண்ணீர் இல்லை. போல்ட்டை மாற்றத் தெரிந்தவள் குருவம்மாள். அவள் கையை எடுத்தால்தான் மாற்ற முடியும்; எடுத்தால் மற்றவர்களுக்குப் பாரம் தாங்காது.

நான் சேலையைச் செருகிக்கொண்டு போய்ப் பிடித்தேன். நான் பிடித்தும் போதவில்லை. சவரியம்மாளின் கை வியர்வையில் வழுக்கியது. "மாதாவே, மாதாவே" என்று முனகினாள். டீக்கடைப் பக்கம் பார்த்தேன். ஆபீசரம்மா கெஞ்சிக் கூப்பிட்டால் பத்துப் பேர் ஓடி வருவார்கள். வாயைத் திறந்தேன்.

"கூப்பிடாதீகம்மா" என்றாள் குருவம்மாள், பல்லைக் கடித்தபடி. "நான் சொல்றதக் கேக்க மாட்டாக. அவுக இழுக்கிற இழுப்புல பைப்பு உள்ள போயிரும்."

அவள் சொன்னது நியாயம்தான். ஆனால் ஓர் ஊர்த் தண்ணீர் எங்கள் கையில் தொங்கிக்கொண்டிருந்தது. இன்னும் இரண்டு நிமிஷம் போயிருந்தால் நான் அவளை மீறிக் கூப்பிட்டிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். அப்படிச் செய்திருந்தால் அது சரியா தப்பா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அப்போது பஸ் வந்து நின்றது. தோளில் துண்டும் கையில் ஒரு மஞ்சள் பையுமாகத் திருமேனி இறங்கினார். கூட்டத்தைப் பார்த்தார். வழக்கம்போல் கண்மாய்க்கரைப் பக்கம் திரும்பினார்.

"இந்தாருங்க!" என்று குருவம்மாள் கத்தினாள். தெரு முழுக்கக் கேட்டது. "இங்கிட்டு வாங்க! வந்து பிடிங்க!"

அவர் நின்றார். டீக்கடையிலிருந்து ஒரு குரல் வந்தது. "ஏலே திருமேனி, மெக்கானிக்கம்மா கூப்பிடுதுடா, ஓடு!" சிரிப்பு எழுந்தது. இந்த ஊரில் அவரை ஒரு முறை எல்லோர் முன்னாலும் நிற்க வைத்தவள் நான். இப்போது அவர் திரும்பிப் போனாலும் அவர்மேல் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை.

பையைத் தரையில் வைத்தார். நேராக எங்களிடம் வந்தார்.

"எங்க பிடிக்கணும்?"

"கீழ, எங் கைக்குக் கீழ. ரெண்டு கையாலயும். நான் சொல்றப்பத்தான் தூக்கணும். அதுக்கு முன்ன அசையக்கூடாது."

"சரி" என்றார். பிடித்தார். அவள் கையை எடுத்தாள். பாரம் அவர்மேல் இறங்குவதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். கழுத்து நரம்பு புடைத்தது. அசையவில்லை. அவள் பழைய போல்ட்டைக் கழற்றினாள், புதியதைக் கோத்தாள், முறுக்கினாள். எவ்வளவு நேரம் ஆனதோ. சிரித்த சத்தம் எப்போது நின்றது என்று நான் கவனிக்கவில்லை.

"இப்ப... லேசா மேல."

தூக்கினார். அவள் சொன்ன அளவுக்குத் தூக்கினார். கிளாம்பு கவ்விக்கொண்டது.

அதன் பிறகும் அவர் போகவில்லை. மீதிப் பைப் எல்லாம் வெளியே வந்து, வாஷர் மாற்றி, திரும்ப இறங்கும்வரை அவள் "தூக்குங்க" என்றால் தூக்கி, "இருங்க" என்றால் இருந்தார். மத்தியானம் தாண்டித் தண்ணீர் வந்தது. முதலில் செம்மண்ணாக, பிறகு தெளிந்து. பெண்கள் குலவை போட்டார்கள். குடங்கள் முட்டி மோதின. "கொஞ்சம் இருங்கத்தா" என்று ஒரு குடத்தை வாங்கித் தானே நிரப்பினார் திருமேனி. குருவம்மாளுக்கு முழங்கை வரை கிரீஸ். "கைய நீட்டு" என்றார். நடுத்தெருவில், அத்தனை பேர் பார்க்க, அவள் தேய்க்கத் தேய்க்க அவர் குடத்தைச் சாய்த்து ஊற்றிக்கொண்டிருந்தார். டீக்கடையில் யாரோ என்னவோ சொன்னான். அவருக்கும் கேட்டிருக்கும். ஊற்றி முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

அன்றோடு ஊர் திருந்திவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். கேலி கொஞ்ச நாள் நடந்தது. பிறகு அதற்கே அலுத்துப்போனது. அந்த இரண்டு பெண்களும் சுற்றுவட்டாரத்து ஊர்ப் பம்புகளைப் பல வருஷம் பார்த்தார்கள். அவள் வெளியூர் போகும் நாளில் அவர்தான் சமையல். தங்கை வீட்டுச் சோறு என்று சொல்வதை விட்டுவிட்டார்.

முனீஸ்வரி பத்தாவது தேறிய வருஷம் சொல்லிவிட்டிருந்தார்கள். போயிருந்தேன். சாப்பிட்டு முடித்ததும் திருமேனியிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். "புதுசா வேலைக்கு வர்ற பிள்ளைங்களுக்கு இதையெல்லாம் ஒரு நாள் சொல்லணும்னு தோணுது. சொல்லலாமா?"

அவர் குருவம்மாளைப் பார்த்தார். அவள், என்னைக் கேட்காதீர்கள், உங்கள் கதைதானே என்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள்.

"சொல்லுங்கம்மா" என்றார். "ஆனா புதும மனுசன், பெரிய மனுசன்னெல்லாம் சொல்லாதீக. பிள்ளைக்குப் பசிச்சுச்சு, ஆக்குனேன். அம்புட்டுத்தான்."